ஒற்றை நாற்காலித் தீவு

தீவுக்குப் போவது பெரிய காரியமே இல்லை. படகில் ஏற்றிவிட ஓர் ஆள் இருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். திரும்பி வருவதில்தான் ஒரு மனிதனின் நிர்வாகத் திறமை தெரியும். எனக்கு அந்தத் திறமை எவ்வளவு என்பது எங்கள் சுற்றத்தார் எல்லாருக்கும், பொதட்டூர்பேட்டையில் பாதிப் பேருக்கும் தெரியும். (மீதிப் பாதிக்கு என் சம்பந்தியின் அக்கா சொல்லியிருப்பார்.)

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பித் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்வார்டு பிரிவு. லாரியில் வருகிற சரக்கை எண்ணி உள்ளே வாங்குவது என் வேலை. போல்ட்டு, பேரிங், கையுறை, துடைப்பம் எதுவானாலும் என் எண்ணிக்கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். வெளியே போவதை எண்ணுவதற்கு அவுட்வார்டில் வேறொருவர் இருந்தார். இந்த வேலைப் பிரிவினையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. பந்தியில் இலைகளை எண்ணுவேன். கேட் மூடியிருந்தால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவேன். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணிவிட்டு, உனக்கு எத்தனை வந்தது என்று மனைவி சரோஜாவைக் கேட்பேன். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற மனதுக்கு எண்ணிக்கை ஒரு பிடிமானம். ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்தால் அடுத்த கவலை வரும்வரை நிம்மதியாக இருக்கலாம்.

எனக்கிருந்த இன்னொரு பைத்தியம் தீவு. உலகப் படத்தில் நடுக்கடலில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியைவிட அதன் பெயர் பெரிதாக இருக்கும். அப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையில் பேசிக்கொண்டிருப்பேன். எப்போதோ ஒருமுறை கப்பல் போகிற தீவு, மனிதரைவிடப் பறவை அதிகமுள்ள தீவு, மரமே இல்லாத தீவு. கேட்பவர்கள் நான் பாதி உலகம் சுற்றியவன் என்று நினைப்பார்கள். நான் போன தொலைதூரம் திருப்பதி.

பிறகு கைபேசியில் வரைபடம் வந்தது. ஒருநாள் பழவேற்காடு ஏரியை விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஏரிக்கு நடுவே மாத்திரை அளவில் ஒரு திட்டு. பெயர் போடவில்லை. பெயர் இல்லை என்றால் யாரும் போகவில்லை என்றுதானே பொருள்? மனிதக் காலடி படாத தீவு, என் வீட்டிலிருந்து ஸ்கூட்டர் போகும் தூரத்தில். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது இப்படி இருக்க, எங்கள் ஒரே மகள் கவிதாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் வரன் அமைந்தது. அமைந்தது என்று நான் சொல்வது மரியாதைக்கு. அவர்களே ஒருவரையொருவர் பிடித்துப்போய், எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். பையனின் அப்பா முனிரத்தினம், நெல் வயலும் தென்னந்தோப்பும் உள்ளவர். கனத்த உடம்பு, குறைந்த பேச்சு, ஓயாத வெற்றிலை. நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது தோப்பைக் காட்டி, “அறுபத்துநாலு மரம் சார்” என்றார். எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் சும்மா தோப்புக்குள் நடந்துவிட்டு வந்தேன்.

“அறுபத்துமூன்றுதான் இருக்கிறது” என்றேன்.

உதவியாக இருக்குமே என்றுதான் சொன்னேன். ஸ்டோர்ஸில் ஒன்று குறைந்தால் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். ஆனால் முனிரத்தினம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவருடைய அக்கா (அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் பெரியக்கா) என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். திரும்பும் பேருந்தில் சரோஜா கேட்டாள்: “பொண்ணு குடுக்கப் போனீங்களா, ஸ்டாக் எடுக்கப் போனீங்களா?”

மரத்தையே எண்ணுகிறவர் நாளைக்கு நம் வீட்டு அரிசியை எண்ண மாட்டாரா என்று பெரியக்கா கேட்டதாக மகள் மூலம் செய்தி வந்தது. அதன் பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பெண்கள் இருவரும் அதற்குள் சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் மட்டும் என்னை விடாமல் சார் என்றே அழைத்தார். தட்டு மாற்றின பிறகு தானாக மாறும் என்றாள் சரோஜா. தட்டு மாற்றுவதற்கு முன்னால் அவர் மனம் மாறிவிட்டால்? மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு தென்னை மரம்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றேகால் மணிக்கு எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது பெரியக்காவின் கட்டளை. மற்றவர்கள் மதியம் வேனில் வருவதாக ஏற்பாடு. முனிரத்தினம் மட்டும் பம்புசெட்டு சாமான் வாங்க வேண்டுமென்று சனிக்கிழமையே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். இவரிடம் தனியாக நாலு வார்த்தை நல்லபடி பேசி, தென்னை விவகாரத்தைச் சரிசெய்ய இதைவிட வாய்ப்பு கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. எங்கே வைத்துப் பேசுவது? எனக்குத் தெரிந்த அமைதியான இடம் ஒன்றுதான்.

சரோஜா எச்சரித்தாள். “எங்கனா கோயிலுக்குக் கூட்டிக்கினு போங்க. நிச்சயத்த வெச்சிக்கினு மனுசனத் தண்ணில கொண்டுபோவாதீங்க.”

முனிரத்தினத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். “சரி சார், போலாம்” என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பினோம். ஒரு பெரிய பை, ஒரு குடை, ஒரு பாய், ஆக மூன்று உருப்படி. பையில் இட்லி, இரண்டு புட்டி தண்ணீர், மாத்திரைகள், டார்ச்சு, கயிறு, விசில், நனையாமலிருக்கப் பாலிதீன் உறையில் சுற்றிய என் கைபேசி. தீவுப் பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. முனிரத்தினம் தன் கைபேசியை வீட்டிலேயே சார்ஜில் விட்டுவிட்டு வந்தார். ஸ்கூட்டரில் ஏற்றும்போது எண்ணினேன், மூன்று. பழவேற்காட்டில் படகில் ஏற்றும்போது எண்ணினேன், மூன்று. படகு கிளம்பியதும் மறுபடி எண்ணினேன். மூன்று.

படகுக்காரர் பெயர் தேசப்பன். கரையோர டீக்கடைக்காரர் பிடித்துக் கொடுத்த ஆள். நான் கைபேசி வரைபடத்தைக் காட்டி, பெயரில்லாத இந்தத் தீவு என்றேன்.

“எருமத் திட்டா?” என்றார் தேசப்பன். “அங்க போய் இன்னா பண்ணப் போறீங்க?”

மாதக்கணக்காக நான் காப்பாற்றி வந்த மர்மம் அங்கேயே பாதி போயிற்று. அடுத்து அவர், இன்றைக்குத் தன்னுடைய பாடு என்றார். போகிற வழியில் எங்களை இறக்கிவிட்டு, வலை வேலை முடித்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். பாடு என்றால் என்ன என்று கேட்டேன். ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு இன்னார் வலை கட்டலாம் என்று ஊரே கூடி வைத்துக் கொடுக்கிற முறையாம்.

“ஷிஃப்டு மாதிரியா?”

“அப்டித்தான் வெச்சிக்கங்களேன்” என்றார்.

அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. தொழிற்பேட்டையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு ஷிஃப்டு என்றால் சங்கு ஊதும். கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு அவர், “மீனு உட்டா வந்துருவேன் சார்” என்றார். நான் அதை மனதுக்குள் பதினோரு மணி என்று மாற்றி எழுதிக்கொண்டேன். பாடு முறை ஒரு வீட்டுக்கு எப்போதோ ஒருமுறைதான் வரும், வந்த அன்று சொந்தக் கல்யாணமே ஆனாலும் வலையை விட்டுவிட்டு வரமாட்டார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

படகில் முனிரத்தினம் இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். காற்றை அனுபவிக்கிறார் என்று நினைத்து நான் இடைவிடாமல் பேசிக்கொண்டு வந்தேன். தூரத்தில் நின்ற பூநாரைகளை எண்ணி, தலைக்கணக்கு சொன்னேன். அவர் ம் என்றார்.

எட்டரை மணிக்கு இறங்கினோம். தேசப்பன் அவசரத்தில் இருந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் வலையோடு காத்திருந்தார்கள். நான் முதலில் குதித்து, முனிரத்தினத்தின் கையைப் பிடித்து இறக்கி, மணலில் நிமிர்ந்து நின்று ஏரியைச் சுற்றிப் பார்த்தேன். வாழ்நாள் கனவு. படகு சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு முனிரத்தினம் கேட்டார்: “பை எங்க சார்?”

ஏற்றும்போது மூன்று முறை எண்ணியவன் இறக்கும்போது எண்ணவில்லை. இறக்குவது அவுட்வார்டு. அது என் பிரிவே இல்லை.

(இதைச் சரோஜாவிடம் பின்னால் விளக்கியபோது, அவள் பாதியிலேயே எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.)

சமாளித்துக்கொண்டு தீவைச் சுற்றிக் காட்டினேன். சுற்ற அதிக நேரம் ஆகவில்லை. கொஞ்சம் மணல், கொஞ்சம் சீமைக்கருவேல், நிறைய எருமைச் சாணம். மனிதக் காலடி படாத அந்த நிலத்தின் நட்டநடுவில், கருவேல நிழலில், ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஒரு கை உடைந்திருந்தது. எருமை மேய்ப்பவர் யாரோ போட்டுவைத்தது. அன்று அவரும் வரவில்லை.

“இங்க யாரு வருவாங்க சார்?” என்றார் முனிரத்தினம்.

“யாருமே வர மாட்டார்கள். அதுதான் இதன் சிறப்பு” என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு அது சிறப்பாகத்தான் இருந்தது. பன்னிரண்டரைக்கு அதே செய்திக்கு வேறு பொருள் வந்துவிட்டது.

முதல் பிரச்சினை நாற்காலி. இன்னும் சம்பந்தி ஆகாத இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு நாற்காலி. நீங்க ஒக்காருங்க என்றேன். நீங்க ஒக்காருங்க சார் என்றார். வயதில் அவர் எனக்கு மூத்தவர்; பெண் வீட்டுக்காரன் நான், அவரை நிற்க வைக்கலாமா? விருந்தாளி அவர், வீட்டுக்காரரை நிற்க வைக்கலாமா? இந்தத் தீவில் நான் எப்படி வீட்டுக்காரன் என்று எனக்கும் விளங்கவில்லை. ஆக இருவரும் நாற்காலிக்கு இருபுறமும் நின்றோம். நடுவில் நாற்காலி ஹாயாக உட்கார்ந்திருந்தது. இப்படியே பத்தரை மணியாயிற்று. கடைசியில் சாணமில்லாத மணலாகப் பார்த்து இருவரும் கீழே உட்கார்ந்தோம்.

பதினொன்றுக்குப் படகு வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் கரை சற்றுத் தள்ளிப் போயிருந்தது. காற்று திரும்பி, நீர் வற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கிய இடத்தில் இப்போது கறுப்புச் சேறு. பசியும் தாகமும் இருந்தன. ஆனால் என் கவலை அதுவல்ல. இந்நேரம் வேன் திருவள்ளூர் தாண்டியிருக்கும். பெரியக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம், பெண்ணின் அப்பாவையும் காணோம் என்றால் அவருக்கு வேறென்ன காரணம் வேண்டும்? கவிதா புதுப் புடவையில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று.

முனிரத்தினம் பேசவே இல்லை. காலையில் விடாமல் மென்றுகொண்டிருந்தவர், பதினொரு மணிக்குப் பிறகு வெற்றிலையும் போடவில்லை. கோபத்தின் உச்சம் என்று கணக்கிட்டேன்.

இரண்டு மணிக்கு மறுகரைப் பக்கமிருந்து ஏழு எருமைகள் தண்ணீரில் வந்தன. நீந்தி அல்ல, நடந்து. எந்தத் தீவை நான் எட்டாத தீவு என்று நினைத்திருந்தேனோ, அதற்கு அவை பேசிக்கொண்டே வருவதுபோல் நிதானமாக நடந்து வந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மேய ஆரம்பித்தன.

நான் துணிந்து கேட்டேன். எருமைகளே நடந்து வருகின்றன, நாமும் அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டால் என்ன?

முனிரத்தினம் தண்ணீரைப் பார்த்துச் சற்றுப் பின்னால் நகர்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எனக்குத் தண்ணின்னா பயம் சார். கெணத்தக் கூட எட்டிப் பாக்க மாட்டேன்.”

 அப்படியென்றால் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க ஆசையாக் கூப்ட்டீங்க. வரலன்னு சொன்னா, தென்னமரத்த மனசுல வெச்சிக்கினுதான் வரலன்னு நெனச்சிப்பீங்க.”

நானோ, அவர் அதை மனதில் வைத்திருப்பதாக நினைத்துத்தான் கூப்பிட்டேன். சரோஜா சொன்னதுபோல் ஏதாவது கோயிலுக்குப் போயிருந்தால் இருவரும் இந்நேரம் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கலாம். நான் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்க, சத்தமே இல்லாமல். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“நீங்க போனப்பறம் நானே போய் எண்ணிப் பாத்தேன் சார். அறுபத்துமூணுதான். அப்பா காலத்துலேர்ந்து அறுபத்துநாலுன்னு சொல்லிக்கினு இருந்தோம். ஊர்ல ஒருத்தனும் எண்ணல. எனக்கு அதான் பேஜாரா போச்சி.”

“நான் தப்பாகவும் எண்ணியிருக்கலாம்” என்றேன். என் வாழ்நாளில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அன்று ஒருமுறைதான்.

“அதெல்லாம் இல்ல. ரெண்டு வாட்டி எண்ணுனேன்.”

அதன் பிறகு நேரம் கொஞ்சம் நல்லபடியாகப் போயிற்று. அவர் நாற்காலியில் கால் மணி நேரம், நான் கால் மணி நேரம் என்று முறை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எங்களுக்கும் ஒரு பாடு. உங்களுக்குத்தான் முதல் முறை என்று அவரை உட்காரவைத்தேன். நாற்காலி முனகியது. அவர் பாதி எடையைக் காலிலேயே வைத்துக்கொண்டு மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றேகாலுக்கு என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது. முகூர்த்தம் போய்விட்டது என்றேன்.

“எங்க போவுது? ராவு காலத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குதே” என்றார் முனிரத்தினம்.

எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வாழைச் சருகில் சுற்றிய வெற்றிலை. நாலு இலை, இரண்டு கொட்டைப்பாக்கு. சற்று வாடியிருந்தன.

“படகு வரலன்னு தெரிஞ்சப்பவே போட்றத நிறுத்திட்டேன். வாய் நமநமங்குது. இருந்தாலும் எதுக்கும் இருக்கட்டும்னு பொத்தி வெச்சேன்.”

தாம்பாளம் இல்லை. நீல நாற்காலிதான் தாம்பாளம். அவர் தோளிலிருந்த துண்டால் அதைத் துடைத்து, வெற்றிலையைப் பரப்பி, பாக்கை மேலே வைத்தார். கிழக்கு எது என்பதில் மட்டும் எங்களுக்குள் சிறிய விவாதம் நடந்தது. பிறகு நாற்காலியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

“ஒங்க பொண்ண எங்க பையனுக்கு எடுத்துக்கறோம்” என்றார்.

“எங்க பொண்ண உங்க பையனுக்குக் குடுக்கறோம்” என்றேன். 

நாற்காலி அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. என் கையிலிருந்து அவர் கைக்குப் போயிற்று. சாட்சிக்கு ஏழு எருமைகள் இருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து பார்த்தது. நாற்காலியை மணலில் வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு வெற்றிலையாக எடுத்துக்கொண்டோம். அவர் ஆசையோடு வாயில் போட்டு மென்றார். பிறகு நாற்காலியைக் காட்டினார்.

“சம்பந்தி, இப்ப ஒங்க மொற. ஒக்காருங்க.”

சம்பந்தி. நான் நிமிர்ந்து, கம்பீரமாக, முழு எடையையும் வைத்து உட்கார்ந்தேன். நாற்காலியின் பின்காலிரண்டும் சட்டென்று மணலுக்குள் இறங்க, நான் மல்லாக்க விழுந்தேன். கீழே என்ன இருந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எருமைத் திட்டு என்ற பெயரே போதும்.

அப்போதுதான் படகுச் சத்தம் கேட்டது.

தேசப்பன் கரைக்கு வர முடியவில்லை, தண்ணீர் போதாது. சேற்றில் நாங்கள்தான் அவரிடம் நடந்தோம். சேறு முனிரத்தினத்துக்கு வீட்டு வாசல் மாதிரி. நான் முழங்கால்வரை இறங்கி, ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். படகு கிளம்பியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரை வரும்வரை விடவில்லை.

பை படகில் பத்திரமாக இருந்தது. குடை, பாய், எல்லாம் இருந்தன. “உள்ள போனு அட்ச்சிக்கினே இருந்துச்சி சார்” என்றார் தேசப்பன். “அடுத்தவங்க போன எடுக்கறது நம்ம பழக்கம் இல்ல.”

“இட்லி?” என்றேன்.

“அது வீணாப் பூடும் இல்ல?” என்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல பாடு. இட்லிக்கு ஈடாக ஒரு பை நிறைய இறால் கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தேகால். சாணமும் சேறுமாக, ஒற்றைச் செருப்போடு, இறால் பையிலிருந்து தண்ணீர் சொட்ட இரண்டு அப்பாக்கள் வாசலில் வந்து நின்றோம். பெரியக்கா வெளியே வந்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

“ராகு காலத்துல இந்தக் கோலத்துல உள்ள வராதீங்க” என்றார். “ஆறு மணி வரிக்கும் அங்கயே இருங்க.”

அவருக்குப் பின்னால் கவிதா நின்றாள். கையில் கேசரிக் கிண்ணம். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரோஜாதான் வந்து விவரம் சொன்னாள். நான் பாதுகாப்புக்காக டீக்கடைக்காரர் எண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன். (என் ஏற்பாடுகளில் வேலை செய்தது அது ஒன்றுதான்.) அவரைக் கூப்பிட்டபோது, பாடு வலைக்குப் போன படகு, சாயந்தரம்தான் வரும், பயமில்லை என்றிருக்கிறார். நல்ல நேரத்தை விடக்கூடாது என்று பெரியக்கா உத்தரவிட, சரியாக மூன்றேகால் மணிக்குச் சரோஜாவும் முனிரத்தினத்தின் மனைவியும் தட்டு மாற்றி முடித்துவிட்டார்கள்.

“எங்களைத் தேடவில்லையா?” என்றேன்.

“வேன் டிரைவரு ஒரு தடவ கேட்டாரு” என்றாள்.

பிறகு உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து தெருவில் போட்டாள். நாங்கள் உட்கார்ந்தோம். முனிரத்தினம் ஏதோ சொல்ல வந்து, உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இறாலைப் பார்த்த பிறகு பெரியக்காவும் கொஞ்சம் இளகினார். நாளைக்குத் தொக்கு வைத்தால் ருசியாக இருக்கும் என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரே பெண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிச்சயம் நடந்திருக்கிறது, எது செல்லும்? பதினெட்டுப் பேர் சாட்சி என்று சரோஜா சொல்வாள். ஏழு எருமை சாட்சி என்று சம்பந்தி சொல்வார். எண்ணிக்கையில் நான் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் பேசாமலிருப்பேன். தோப்பில் இப்போது அறுபத்துநாலு மரம். அறுபத்துநாலாவதைச் சம்பந்தி அந்த வருடமே நட்டார். நான் போய் எண்ணிச் சரிபார்த்தேன்.

எந்த விசேஷமானாலும் பந்தலின் ஓரமாக, கூட்டத்திலிருந்து தள்ளி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். விவரம் தெரியாத யாராவது உட்காரப் போனால், “அது தீவு, அங்க ஒக்காராதீங்க” என்று பேரப் பிள்ளைகள் விரட்டிவிடும். சம்பந்தி வெற்றிலைப் பொட்டலத்தோடு வந்து, காலால் தரையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்காருவார். நான் உட்காரும் முன் நாற்காலிகளை எண்ணுவேன்.

இரண்டு. ஒன்றும் குறையவில்லை.